இணையவழித் தொலைக் கண்காணிப்பு அமைப்பு

இணையவழித் தொலைக் கண்காணிப்பு அமைப்பு என்பது, ஓர் இடத்தில் பொருத்தப்பட்ட நிகழ்படக்கருவிகளும் உணரிகளும் தரும் தகவல்களை இணையத்தின் ஊடாக வேறோர் இடத்தில் இருந்து பார்க்கவும், பதிவு செய்யவும், எச்சரிக்கை பெறவும் உதவும் பாதுகாப்பு அமைப்பு ஆகும். வீடுகள், கடைகள், கிடங்குகள், பண்ணைகள், துணைமின் நிலையங்கள் போன்ற இடங்களில் இது பயன்படுகிறது.

பழைய மூடிய சுற்றுத் தொலைக்காட்சியில் படம் தனிக் கம்பியின் வழியே அதே கட்டிடத்தில் உள்ள திரைக்குச் செல்லும். இணையவழி அமைப்பில் அதே படம் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, எல்லோரும் பயன்படுத்தும் பொது வலையமைப்பின் வழியே செல்கிறது. இந்த அமைப்பின் பயனுக்கும் இடருக்கும் இந்த ஒரு வேறுபாடே காரணம். உரிமையாளர் எங்கிருந்தும் பார்க்கலாம். வடிவமைப்பில் பிழை இருந்தால் முன்பின் அறியாதவரும் எங்கிருந்தும் பார்க்கலாம். எனவே படத்தின் தரம், பட்டையகலம், சேமிப்பு ஆகியவற்றோடு, கண்காணிக்கும் கருவியைப் பாதுகாப்பதும் வடிவமைப்பின் அடிப்படைப் பகுதியாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

1942ல் செருமனியின் பீனமுண்டேயில் வி-2 ஏவுகணைகள் ஏவப்படுவதைப் பாதுகாப்பான தொலைவில் இருந்து பார்க்க மூடிய சுற்றுத் தொலைக்காட்சி பயன்பட்டது. இதை வடிவமைத்தவர் பொறியாளர் வால்ட்டர் புரூக்.

வீட்டுப் பாதுகாப்புக்கான முன்னோடி அமைப்பை உருவாக்கியவர் நியூயார்க் நகரின் குயின்சு பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். அவரும் அவர் கணவர் ஆல்பர்ட் பிரவுனும் 1966ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2ல் அதைப் பெற்றனர். கதவில் வெவ்வேறு உயரங்களில் அமைந்த துளைகளின் வழியே வெளியில் நிற்பவரைப் படக்கருவி காட்டும். வீட்டில் இருப்பவர் திரையில் பார்த்து, வந்தவரோடு பேசி, பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். இன்றைய நிகழ்பட அழைப்புமணியின் அடிப்படைக் கூறுகள் இதில் இருந்தன. இணையம் மட்டுமே இல்லை.

இணையத்தில் பெரும் புகழ் பெற்ற முதல் நேரலைப் படக்கருவி பாதுகாப்புக்காக வைக்கப்பட்டதன்று. 1991ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காப்பிக் கலத்தில் காப்பி இருக்கிறதா என்று தம் இருக்கையில் இருந்தே அறிய ஆய்வாளர்கள் ஒரு படக்கருவியை அமைத்தனர். குவென்டின் இசுட்டாபோர்டு-பிரேசர், பால் யார்டெட்சுக்கி ஆகியோர் எழுதிய மென்பொருள், 128×128 படப்புள்ளி அளவில் கறுப்பு வெள்ளைப் படத்தை ஆய்வகத்தின் உள் வலையமைப்பில் காட்டியது. 1993 நவம்பரில் அது உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. 2001 ஆகத்து 22ல் நிறுத்தப்பட்டது.

1996ல் சுவீடனின் ஆக்சிசு நிறுவனம் நெட்ஐ 200 என்ற வலையமைப்புப் படக்கருவியை வெளியிட்டது. கணினியுடன் இணைக்கத் தேவையின்றி நேரடியாக வலையமைப்பில் இணையக்கூடிய முதல் வணிகப் படக்கருவியாக இது கருதப்படுகிறது. 352×288 அளவில் நொடிக்கு ஒரு படம் மட்டுமே இதனால் அனுப்ப முடிந்தது. ஆயினும் படக்கருவிக்குள்ளேயே ஒரு சிறு கணினியும் வலை வழங்கியும் இருந்தன என்பதே இதன் சிறப்பு.

பின்வந்த சீர்தரங்கள் இத்துறையை விரிவாக்கின:
- 1998: நிகழ்பட ஓடையைத் தொடங்கவும் நிறுத்தவும் உதவும் ஆர்டிஎஸ்பி நெறிமுறை
- 2003: எச்.264 நிகழ்பட அமுக்க முறை
- 2003: வலையமைப்புக் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் 802.3ஏஎப் சீர்தரம்
- 2008: வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று இயங்க ஆக்சிசு, போசு, சோனி ஆகியவை தொடங்கிய ஆன்விப் அமைப்பு

அமைப்பின் கூறுகள்

- படக்கருவி: வில்லை, ஒளியுணரி, அமுக்கச் சில்லு, வலை வழங்கி ஆகியவற்றைக் கொண்டது. இரவில் பார்க்க அகச்சிவப்பு விளக்குகள் உண்டு. 850 நானோமீட்டர் அலைநீள விளக்குகள் மங்கிய செந்நிறமாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியா, ஆனால் அவற்றின் வீச்சு குறைவு.
- பிற உணரிகள்: கதவு திறப்பதை அறியும் காந்த உணரி, உடல் வெப்ப அசைவை அறியும் அகச்சிவப்பு உணரி, கண்ணாடி உடையும் ஒலியை அறியும் உணரி முதலியன.
- பதிவி: நிகழ்படத்தை வன்தட்டில் சேமிக்கும் கருவி. மோஷன், சோன்மைண்டர் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டு சாதாரணக் கணினியையும் பதிவியாக்கலாம்.
- வலையமைப்பு: இணைப்பி, திசைவி, தீச்சுவர், இணைய இணைப்பு.
- பார்வையிடம்: உரிமையாளரின் கணினி அல்லது கைப்பேசி, பெரிய நிறுவனங்களில் கட்டுப்பாட்டு அறை.

வடிவமைப்பு

தேவையை வரையறுத்தல்

"எத்தனை படக்கருவிகள் வேண்டும்" என்பது வடிவமைப்பின் முதற் கேள்வி அன்று. "படத்தில் எதை அறிய வேண்டும்" என்பதே முதற் கேள்வி. ஐஇசி 62676-4 சீர்தரத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு இதைப் படப்புள்ளிக் கணக்கில் தந்தது. காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை படப்புள்ளிகள் அமைகின்றன என்பதே அளவை.

- ஆள் நடமாட்டம் உண்டு என்று அறிய: மீட்டருக்கு 25
- அறிந்த ஒருவரை அவர்தாம் என்று உணர: மீட்டருக்கு 125
- அறியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காண: மீட்டருக்கு 250

1920 படப்புள்ளி அகலம் கொண்ட படக்கருவியை எடுத்துக்கொள்வோம். 1920ஐ 250ஆல் வகுத்தால் 7.68 கிடைக்கும். அதாவது, காட்சியின் அகலம் 7.68 மீட்டருக்குள் இருந்தால் மட்டுமே அறியாத முகத்தை அதில் அடையாளம் காணலாம். அதே கருவியை 40 மீட்டர் அகலமுள்ள முற்றம் முழுவதையும் பார்க்கும்படி வைத்தால் மீட்டருக்கு 48 படப்புள்ளிகளே அமையும். யாரோ வந்தார் என்று தெரியும், யார் என்று தெரியாது. எனவே பரந்த வெளிக்கு ஒரு கருவியும், எவரும் கடந்தே ஆகவேண்டிய வாயிலுக்கு நெருங்கிய காட்சி தரும் இன்னொரு கருவியும் வைப்பது வழக்கம்.

பட்டையகலமும் சேமிப்பும்

1920×1080 அளவுள்ள வண்ணப் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 24 பிட்டுகள் எனக் கொண்டால், நொடிக்கு 25 படங்களுக்கு ஏறத்தாழ 1244 மெகாபிட் தேவை. பெரும்பாலான வீட்டு இணைப்புகள் இதைத் தாங்கா. எச்.264 போன்ற முறைகள் அடுத்தடுத்த படங்களுக்கு இடையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்புவதால், இது பொதுவாக நொடிக்கு 4 மெகாபிட் அளவுக்குக் குறையும். அசைவு மிகுந்த தெருவுக்கு இதைவிடக் கூடுதலாகவும், வெறும் அறைக்கு இதைவிடக் குறைவாகவும் ஆகும்.

நொடிக்கு 4 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 43.2 கிகாபைட். 4 படக்கருவிகளின் பதிவை 30 நாள் வைத்திருக்க ஏறத்தாழ 5.2 டெராபைட் வேண்டும்.

சேமிப்பைவிட மேலேற்ற வேகமே பெரும் இடர்ப்பாடு ஆகும். வீட்டு இணைப்புகள் பல, பயனர் தரவிறக்குவதையே முதன்மையாகக் கருதி அமைக்கப்பட்டவை. 2000களில் பரவிய ஏடிஎசுஎல் இணைப்பின் முதற் சீர்தரத்தில் தரவிறக்கம் நொடிக்குச் சுமார் 8 மெகாபிட், மேலேற்றம் சுமார் 1 மெகாபிட். கண்காணிப்பு அமைப்புக்கோ நேர்மாறான தேவை உள்ளது. மேற்கூறிய 4 கருவிகளுக்கு 16 மெகாபிட் மேலேற்றம் வேண்டும்.

இதற்குத் தீர்வாக ஒவ்வொரு படக்கருவியும் இரண்டு ஓடைகளைத் தருமாறு அமைக்கப்படுகிறது. முழுத் தரமுள்ள முதன்மை ஓடை உள் வலையமைப்பிலேயே பதிவிக்குச் செல்லும். 640×360 போன்ற சிறிய அளவுள்ள துணை ஓடை மட்டும் தொலைவில் உள்ளவர் கேட்கும்போது இணையத்தில் செல்லும். குறிப்பிட்ட நிகழ்வை நுணுகிப் பார்க்க வேண்டுமாயின் அந்தச் சில நொடிகளின் முழுத்தரப் பதிவு மட்டும் எடுக்கப்படும்.

பதிவி முழுக்க உள்ளேயே இருப்பதிலும் ஒரு குறை உண்டு. வீடு புகுந்தவர் பதிவியையும் எடுத்துச் சென்றால் சான்று முழுவதும் அழியும். எனவே பதிவியைப் பூட்டிய இடத்தில் வைப்பதோடு, எச்சரிக்கை எழுந்தவுடன் சில படங்களை உடனே வெளி வழங்கிக்கு அனுப்புமாறும் அமைப்பது நன்று.

தொலைவில் இருந்து அணுகுதல்

நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடியே. அதனால் ஒரு வீட்டில் உள்ள கருவிகள் அனைத்தும் ஒரே பொது முகவரியைப் பகிர்கின்றன. உள்ளே அவற்றுக்கு 192.168 எனத் தொடங்குவது போன்ற தனி முகவரிகள் உண்டு. அவற்றை வெளியில் இருந்து நேரடியாக அழைக்க முடியாது. இந்தத் தடையைக் கடக்க மூன்று முறைகள் பரவலாக உள்ளன.

1. வாயில் திறத்தல்: திசைவியில் ஒரு வாயில் எண்ணைத் திறந்து, அங்கு வரும் பொதிகளைப் படக்கருவிக்கு அனுப்புதல். மிக எளிது. ஆனால் உரிமையாளருக்குத் திறந்த வாயில் உலகுக்கும் திறந்தே இருக்கும். இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இடைவிடாது இயங்குவதால், அது விரைவில் கண்டறியப்படும். மேலும் சேவை வழங்குநர் ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்திருந்தால் இம்முறை இயங்காது.
2. மெய்நிகர் தனியார் வலையமைப்பு: உரிமையாளரின் கைப்பேசிக்கும் வீட்டுத் திசைவிக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட வழி அமைத்தல். படக்கருவி இணையத்துக்கு முற்றிலும் மறைந்திருக்கும். நிறுவுவதற்குச் சிறிது அறிவு தேவை. வீட்டுக்குப் பொது முகவரி ஒன்றும் வேண்டும்.
3. இடை வழங்கி: படக்கருவியே உள்ளிருந்து நிறுவனத்தின் வழங்கியுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும், பயனரும் அதே வழங்கியுடன் இணைவார். பயனர் எதையும் அமைக்க வேண்டியதில்லை என்பதால் பரவலாக விற்கப்படும் வீட்டுப் படக்கருவிகள் இம்முறையைப் பின்பற்றுகின்றன. ஆனால் படம் மூன்றாம் தரப்பின் கையில் செல்கிறது. அந்நிறுவனம் சேவையை நிறுத்தினால் கருவி பயனற்றதாகலாம்.

நிகழ்வறிதல்

பல மணிநேரப் பதிவை யாரும் அமர்ந்து பார்ப்பதில்லை. ஆகவே எப்போது எச்சரிக்க வேண்டும் என்பதைக் கணினியே முடிவு செய்ய வேண்டும். எளிய முறையில் அடுத்தடுத்த படங்களின் படப்புள்ளிகள் கழிக்கப்பட்டு, வேறுபாடு குறித்த அளவை மீறினால் அசைவு எனக் கொள்ளப்படும். காற்றில் ஆடும் கிளை, வாகன விளக்கொளி, மழை, அகச்சிவப்பு விளக்கின் ஒளியில் வில்லையின் முன் வலை பின்னும் சிலந்தி ஆகியவையும் அசைவாகவே பதியும்.

பொய் எச்சரிக்கைகள் வெறும் தொல்லை மட்டுமல்ல. ஒரே இரவில் பலமுறை ஒலிக்கும் எச்சரிக்கையை உரிமையாளர் நாளடைவில் நிறுத்திவிடுவார். உண்மையான நிகழ்வின்போது அமைப்பு ஊமையாக இருக்கும். இதைக் குறைக்கப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன:
- தெரு, மரம் ஆகியவற்றை நீக்கிக் குறித்த பரப்பை மட்டும் கவனித்தல்
- படத்தில் அசைவும் வெப்ப உணரியின் குறிப்பும் சேர்ந்தால் மட்டும் எச்சரித்தல்
- பின்னணியை மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டு, புதியதை மட்டும் பிரித்தறிதல்
- இயந்திரக் கற்றல் மூலம் மனிதர், வாகனம், விலங்கு என வகைப்படுத்துதல்

செயலிழப்பைக் கையாளுதல்

எல்லாம் இயங்கும்போது நன்றாக இருப்பது வடிவமைப்பு ஆகாது. மின்சாரம், இணையம், வன்தட்டு ஆகிய ஒவ்வொன்றும் நின்றால் என்ன ஆகும் என்று முன்பே எண்ண வேண்டும்.

- படக்கருவிகளுக்கு வலையமைப்புக் கம்பியிலேயே மின்சாரம் தந்தால், பதிவி, இணைப்பி, திசைவி ஆகியவற்றுக்கு வைக்கும் ஒரே தடையிலா மின்வழங்கி அனைத்தையும் காக்கும். கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.
- வீட்டு அமைப்பு குறித்த இடைவெளியில் வெளி வழங்கிக்கு "இருக்கிறேன்" என்ற குறிப்பை அனுப்ப வேண்டும். குறிப்பு வராமையே எச்சரிக்கையாகக் கொள்ளப்படும். வீட்டுக்கு உள்ளிருந்து மட்டும் எச்சரிக்கை அனுப்பும் அமைப்பு, இணையக் கம்பி வெட்டப்பட்டால் அதைச் சொல்லவும் வழியற்றதாகும்.
- வில்லை மறைக்கப்பட்டாலோ திருப்பப்பட்டாலோ எச்சரிக்கை எழ வேண்டும்.
- எல்லாக் கருவிகளின் கடிகாரமும் நேர வழங்கியுடன் ஒத்திசைய வேண்டும். நேரம் பிழைபட்ட பதிவின் சான்று மதிப்பு குறையும்.

அமைப்பின் சொந்தப் பாதுகாப்பு

வலையமைப்புப் படக்கருவி என்பது வில்லை பொருத்தப்பட்ட கணினி. கணினிக்கு உள்ள எல்லா நலிவுகளும் அதற்கும் உண்டு. மேசைக் கணினியைப் போல அதன் முன் யாரும் அமர்வதில்லை என்பதால், அது கைப்பற்றப்பட்டாலும் உரிமையாளர் அறிவது அரிது. பின்வரும் மூன்று நிகழ்வுகளும் மூன்று வேறு பிழைகளைக் காட்டுகின்றன.

2012 - மென்பொருட் பிழை: டிரெண்ட்நெட் நிறுவனத்தின் வீட்டுப் படக்கருவிகளில், பயனர் கடவுச்சொல் இட்டிருந்தும் அது இன்றியே படத்தைப் பார்க்கக்கூடிய பிழை இருந்தது. ஏறத்தாழ 700 கருவிகளின் நேரலைக் காட்சிகளுக்கான இணைப்புகள் இணையத்தில் வெளியாயின. தொட்டிலில் உறங்கும் குழந்தைகளும் அவற்றில் தெரிந்தனர். குழந்தையைப் பாதுகாக்க வாங்கிய கருவியே குழந்தையை அயலாருக்குக் காட்டியது. 2013 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் மீதான வழக்கை அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் உடன்பாட்டில் முடித்தது.

2016 - மாற்றப்படாத கடவுச்சொல்: மிராய் என்ற தீநிரல், இணையத்தில் திறந்திருந்த கருவிகளைத் தேடி, தொழிற்சாலையில் இடப்பட்ட சுமார் 60 பயனர்பெயர்-கடவுச்சொல் இணைகளை முயன்று பார்த்தது. அதற்கு மேல் எந்த நுட்பமும் தேவைப்படவில்லை. இலட்சக்கணக்கான படக்கருவிகளும் பதிவிகளும் திசைவிகளும் அதன் வசமாயின. 2016 செப்டம்பரில் இவற்றைக் கொண்டு ஒரு பாதுகாப்புச் செய்தித் தளத்தின் மீது நொடிக்குச் சுமார் 620 கிகாபிட் அளவில் தாக்குதல் நடந்தது. அக்டோபர் 21ல் டைன் என்ற பெயர்த்தீர்வுச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டதால் டுவிட்டர், நெட்பிளிக்சு உள்ளிட்ட பல தளங்கள் சில மணிநேரம் கிடைக்காமல் போயின. சில கருவிகளில் பயனர் வலைப்பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றிய பின்னரும், டெல்நெட் வழிக்கான கடவுச்சொல் நிலைபொருளிலேயே மாற்ற முடியாதபடி பதிந்திருந்தது. இங்கு பிழை பயனருடையது அன்று, வடிவமைப்பாளருடையது.

2021 - ஒரே சாவி: மார்ச் மாதத்தில் வெர்க்காடா என்ற மேகக் கண்காணிப்பு நிறுவனத்தின் உயர்நிலை நிருவாகக் கணக்கு ஊடுருவியோர் கையில் சிக்கியது. மருத்துவமனைகள், சிறைகள், பள்ளிகள் உட்பட வாடிக்கையாளர்களின் சுமார் 1,50,000 படக்கருவிகளின் காட்சிகளை அணுகத் தங்களால் முடிந்ததாக அவர்கள் கூறினர். வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் வலிய கடவுச்சொல் வைத்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க இயலாது.

இவற்றில் இருந்து பெறப்படும் வடிவமைப்பு விதிகள்:
1. ஒவ்வொரு கருவிக்கும் தனித்த தொடக்கக் கடவுச்சொல் இருத்தல். அல்லது முதற் பயன்பாட்டில் மாற்றாமல் இயங்காதிருத்தல்.
2. படக்கருவிகளைத் தனி உள்வலையமைப்பில் வைத்தல். பதிவியைத் தவிர வேறெதையும் அவை தொடர்புகொள்ளத் தீச்சுவர் இடங்கொடாதிருத்தல்.
3. டெல்நெட் போன்ற தேவையற்ற சேவைகளை அடைத்தல்.
4. வெளிச்செல்லும் ஓடையை மறையாக்கம் செய்தல். இடை வழங்கி முறையில், திறவுகோல் பயனரிடம் மட்டும் இருக்கும் முனைக்கு முனை மறையாக்கமே சிறந்தது.
5. நிலைபொருள் இற்றைப்படுத்தல்களை நிறுவனத்தின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே ஏற்றல்.
6. யார், எப்போது பார்த்தார் என்பதைப் பதிவு செய்தல்.

சட்டமும் தனியுரிமையும்

இந்நிகழ்வுகளுக்குப் பின் பல நாடுகள் முதல் விதியைச் சட்டமாக்கின. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2020 சனவரி 1 முதல் இத்தகைய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐக்கிய இராச்சியத்தில் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான தொடக்கக் கடவுச்சொல் வைத்து விற்பது 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்யப்பட்டது. இந்திய அரசும் 2024ல் கண்காணிப்புப் படக்கருவிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் அறிவிக்கையை வெளியிட்டது.

படக்கருவி யாரைப் பார்க்கிறது என்பது வேறு கேள்வி. 2014 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், தன் வீட்டைக் காக்க ஒருவர் வைத்த படக்கருவி பொதுத் தெருவையும் பதிவு செய்தால், அது முற்றிலும் தனிப்பட்ட செயல் ஆகாது என்றும் தரவுப் பாதுகாப்பு விதிகள் அதற்குப் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. இந்தியாவில் 2017 ஆகத்து 24ல் உச்ச நீதிமன்றம் தனியுரிமை அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. பெண் ஒருவரின் தனிப்பட்ட நிலையை மறைந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்கிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம் ஆகும்.

அண்டை வீட்டுச் சன்னல் போன்ற பகுதிகளைப் படத்திலேயே கறுப்பாக மறைக்கும் வசதி பல கருவிகளில் உண்டு. குளியலறை, உடைமாற்றும் அறை ஆகியவற்றில் எக்காரணம் கொண்டும் படக்கருவி வைக்கலாகாது. பணியாளர் உள்ள இடத்தில் அறிவிப்புப் பலகை வைப்பதும், தேவையான நாட்களுக்குப் பின் பதிவு தானாக அழியுமாறு அமைப்பதும் நல்ல நடைமுறை ஆகும்.

வழக்குக்குப் பதிவு தேவைப்பட்டால், மூலப் பதிவை மாற்றாமல் படியெடுத்து அதன் புரிமதிப்பைக் கணித்து வைக்க வேண்டும். புரிமதிப்பு என்பது கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணிக்கப்படும் எண். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அதுவும் மாறிவிடும். இந்தியாவில் பாரதிய சாட்சிய அதினியம், 2023, பிரிவு 63இன் கீழ் தரப்படும் சான்றிதழில் இம்மதிப்பு குறிப்பிடப்படுகிறது.

வரம்புகள்

தொலைக் கண்காணிப்பு அமைப்பு நிகழ்வைக் காட்டும், அதைத் தடுக்காது. எச்சரிக்கை வந்த பின் அவ்விடத்துக்குச் செல்லக்கூடிய காவலரோ, அண்டை வீட்டாரோ, உறவினரோ இல்லையெனில், களவு போவதைத் தொலைவில் இருந்து பார்ப்பதே எஞ்சும். எனவே யாரை முதலில் அழைப்பது, அவரிடம் சாவி உள்ளதா, அவர் இல்லையெனில் யார் என்பனவும் வடிவமைப்பு ஆவணத்தில் எழுதப்பட வேண்டும். நல்ல பூட்டு, வெளிச்சம், உறுதியான கதவு ஆகியவற்றுக்குப் படக்கருவி துணை ஆகுமே தவிர மாற்று ஆகாது.

இவற்றையும் பார்க்க

- மூடிய சுற்றுத் தொலைக்காட்சி
- நிகழ்பட அமுக்கம்
- தீச்சுவர்
- மறையாக்கம்
- மெய்நிகர் தனியார் வலையமைப்பு
- தனியுரிமை